கொல்லாத மின்சாரம்

பேருந்தில் ஏறக் கம்பியைப் பிடிக்கப்போன அண்ணியின் வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. "இன்னாமா, ஏறுறியா இல்லியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கழுத்தில் தொங்கிய துணித்தூளிக்குள் அதைத் திரும்பச் செருகிக்கொண்டு, அண்ணி இடது கையால் பிடித்து ஏறினாள். திருவொற்றியூரில் மருத்துவரைப் பார்த்துவிட்டு இருவரும் எண்ணூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பேருந்துக் கம்பியில் மின்சாரம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

அவள் என் அண்ணனின் மனைவி. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த அந்தத் தண்ணீரிலும் அவள் விரல்களுக்கு ஏதாவது அகப்பட்டுவிடும். எங்கள் குப்பத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கன்டெய்னர் யார்டு வந்திருந்தது. அதன் ஓரமாகத்தான் எங்கள் பாதை. ஒருநாள் காலையில் அவள் போனபோது பாதை திறந்திருந்தது. மதியம் திரும்பியபோது குறுக்கே கம்பி ஓடியது. எச்சரிக்கைப் பலகையும் இருந்தது, சாலையைப் பார்த்தபடி. தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

வெறும் வேலி என்று நினைத்து, குனிந்து நுழைவதற்காகக் கம்பியை விலக்கியிருக்கிறாள். ஈரப் புடவை, உப்புநீர் சொட்டும் கை, செருப்பில்லாத கால். உள்ளேயிருந்து யாரோ எலும்பைச் சுத்தியலால் அடித்ததுபோல் இருந்ததாம். விரலிலிருந்து தோள்வரை தசை சுருண்டு இழுக்க, கத்தவும் வாய் வராமல் கரைக்கல்லின்மேல் போய் விழுந்தாள். தோள்மூட்டு நழுவிவிட்டது. அன்று முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. மருத்துவர் அவளைத் திட்டவில்லை. காய்ந்த உடம்பும் காலில் செருப்புமாக இருந்திருந்தால் ஓர் உதறலோடு போயிருக்கும், உப்பும் ஈரமும் சேர்ந்ததால்தான் அடி இவ்வளவு பலமாக விழுந்தது என்றார். தோள் சீக்கிரம் தேறிவிடும், பயம் போகத்தான் நாளாகும் என்றும் சொன்னார்.

"வுடுமே, சுத்திகினு போலாம்" என்றார் அண்ணன், அன்றிரவு வீட்டில்.

"இன்னாத்துக்கு சுத்தணும்? கம்பி போட்டவன் சுத்தட்டும்."

மறுநாள் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு யார்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் போனேன். இறால் பிடிக்கும் பெண்கள் எல்லோரும் வந்து சேர, லாரிகள் உள்ளே போக முடியாமல் வரிசைகட்டின. மேனேஜர் வெளியே வந்தார். பொறுமையாகத்தான் பேசினார்.

"இது ஆளைக் கொல்ற கரண்ட் இல்லம்மா. விட்டு விட்டுத்தான் வரும். மாடு தொட்டா ஒதுங்கிப் போகும் பாருங்க, அவ்ளோதான்."

"நான் மாடு இல்ல சார், ஒதுங்கறதுக்கு. சாவலைன்னா ஒடம்புக்கு ஒண்ணும் ஆவலன்னு அர்த்தமா?"

கொல்லாத மின்சாரம் என்ற பேச்சை அன்றுதான் முதல்முறை கேட்டேன். இன்றும் அதைக் கேட்டால் எனக்கு உடம்பு எரிகிறது. எங்கள் பக்கத்துக் காற்றும் தண்ணீரும்கூடக் கொல்லாதவை என்றுதான் இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிணம் விழுந்தால்தான் அடி விழுந்ததாகக் கணக்கா?

போலீஸ் வந்தது, வருவாய்த்துறை அதிகாரி வந்தார். சாயங்காலத்துக்குள் பாதையின் குறுக்கே இருந்த கம்பியை அறுத்துவிட்டு, அந்தப் பக்கம் முழுக்க இணைப்பைத் துண்டித்துவிட்டதாகச் சொன்னார்கள். வழி திறந்திருந்தது. ஆனாலும் நாங்கள் யாரும் காலெடுத்து வைக்கவில்லை. வெட்டிய கம்பியின் முனை தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி தூளியை அவிழ்த்து வலது கையை நீட்டினாள். அது மறுபடியும் பாதியில் நின்றது. இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, பிடிவாதக் குழந்தையை இழுப்பதுபோல் இழுத்துக் கம்பியின்மேல் அழுத்தினாள். கண்களை மூடவில்லை.

"இன்னாமே பாத்துகினு கீறீங்க? வாங்க."

எல்லோரும் அவள் பின்னால் நடந்தோம்.

அந்தத் தோள் இன்றும் முழுதாக உயராது. தலைவாரும்போது அண்ணி குனிந்துகொள்கிறாள். தண்ணீருக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. போன வாரம் யார்டுக்குப் புது மேனேஜர் வந்திருப்பதாகவும், பாதையை அடைக்க ஆட்கள் அளவெடுப்பதாகவும் குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். பதறிப்போய் அண்ணியிடம் ஓடினேன். அவள் இறாலை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"போடட்டும்மே. எனக்கு இன்னோரு தோளு கீது."