மேஸ்திரி தவறவிட்ட இரண்டு பாரங்கள்

சர்ர்ரென்று டேப் கிழியும் சத்தம் கூடத்திலிருந்து கேட்டது. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு அந்தக் கிழிப்பு யாருடையது என்று பார்க்காமலே தெரியும். கட்டில் பீரோ கழற்ற அவரோடு வேலைக்கு வரும் தச்சர்தான். ஒரே இழுப்பில் நாலு முழம். சிக்கனம் தெரியாத கை.

“போதும்யா. ஆத்துக்குப் போறோமா, வீடு மாத்துறோமா?” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

“பழக்கம் விடுமாண்ணே? மூணு நாள் சாப்பாடு இந்தப் பெட்டியிலதான் இருக்கு. நனைஞ்சா பட்டினி.”

முப்பது வருடமாகப் பிறத்தியார் வீடுகளைச் சுமந்தே பிழைத்தவர் மேஸ்திரி. மாடிப்படியை ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும், எந்தக் கட்டில் திரும்பும், எந்த பீரோ திரும்பாது என்று சொல்லிவிடுவார். கண்ணாடிச் சாமானைக் குழந்தைக்குத் தலை துவட்டுவது போலப் பதமாகத் துணியில் சுற்றுவார். ஊரார் சாமானெல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அவருடைய சொந்த உறவு ஒன்றுதான் போன வருடம் சுக்குநூறாகிப் போயிற்று.

வண்டி ஓட்டிய மாப்பிள்ளை, மேஸ்திரியின் தங்கை கணவர். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கண்ணாடி அலமாரியை இறக்கினார்கள். மேலே பிடித்தவர் மேஸ்திரி, கீழே தாங்கியவர் மாப்பிள்ளை. வழுக்கியது மேஸ்திரியின் விரல்தான். அது அவர் நெஞ்சுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டுக்காரர்களும் வேலையாட்களும் சுற்றி நிற்க, நொறுங்கிய கண்ணாடிக்கு நடுவே அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“உன் கையில நம்பி ஒரு சாமானைக் குடுக்க முடியுதா?”

அதுவரை ‘நீங்க’ என்று மட்டுமே அழைக்கப்பட்ட மனிதர், வண்டிச் சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போனார். வேறு கம்பெனியில் சேர்ந்துகொண்டார். அதன்பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கை மட்டும் வருவாள்; வந்து, சாப்பிடும்போதே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். “தப்புப் பண்ணினவருக்கே இவ்வளவு ரோஷமா?” என்று மேஸ்திரியின் மனைவி கேட்கும்போதெல்லாம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மூன்று நண்பர்களும் வருடந்தோறும் போகிற ஆற்றுப் பயணம் இது. போன வருடம் நின்றுபோனது. “மூணு பேரும் வராட்டி நானும் போகல” என்று தச்சர் இரண்டு வீட்டிலும் போய் அடம்பிடித்ததில் மாப்பிள்ளை ஒருவழியாக இறங்கி வந்தார். அதுவும் நேரே ஆற்றங்கரைக்கு. இந்த மூன்று நாளில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மாப்பிள்ளை மறுபடியும் வீட்டுக்கு வர வேண்டும். மேஸ்திரிக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆற்றங்கரையில் ரப்பர் படகோடு காத்திருந்தவள் நாற்பது வயதுப் படகுக்காரி. மேஸ்திரி சாப்பாட்டுப் பெட்டியைக் கயிற்றால் வரிந்து கட்டுவதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“ஐயா, அவுக்க வர்ற மாதிரி கட்டுங்க.”

“எங்க முடிச்சு லேசுல அவுறாதும்மா” என்றார் மேஸ்திரி பெருமையாக.

சாமான் தூக்குகிறவர்களின் முடிச்சு அது. போய்ச் சேர்ந்த இடத்தில் அதை யாரும் அவிழ்ப்பதில்லை. கத்தியால் ஒரே வெட்டு. பகல் முழுக்கத் துடுப்புப் போட்டு, மணல் திட்டில் கூடாரம் அடித்து, பசியோடு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கத்தியும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று.

“முப்பது வருஷ அனுபவம்” என்றார் தச்சர். “கத்திக்கு ஒரு கீறல் விழாம கொண்டாந்திருக்கோம்.”

படகுக்காரியின் மிதவைச் சட்டையில் ஒரு கத்தி செருகியிருந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். அவள் கையால் மறைத்துக்கொண்டாள். “இது ஆளு கயித்துல சிக்கினா அறுக்கிறதுக்கு. ரொட்டிக்கும் முட்டைக்கும் இல்ல. கட்டினவங்களே அவுத்துக்கங்க.”

நனைந்த கயிறு இரும்பாக இறுகியிருந்தது. ஒருவர் தள்ள, ஒருவர் இழுத்தால்தான் அசையும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்த மாப்பிள்ளை எழுந்துவந்து எதிரில் உட்கார்ந்தார்.

“தள்ளுங்க.”

“தள்ளுறேன்.”

“அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்.”

ஒரு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டன. மேஸ்திரி “மாப்பிள்ளை” என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து முடிச்சு அவிழ்ந்தது. தச்சர் ரொட்டிமேல் பாய்ந்தார். சொல்ல வந்தது மறுபடியும் வயிற்றுக்குள் போய்விட்டது.

மறுநாள் ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே நுரைத்துக் குதித்தது. படகு ஒருபக்கமாக எழும்பி விழுந்தபோது மாப்பிள்ளை தண்ணீரில் இருந்தார். மேஸ்திரி பாதி உடம்பு வெளியே தொங்க அவர் கையை எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்தது ஒரு நொடிதான். ஈர விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. மாடிப்படியில் நழுவிய அதே விரல்கள். தங்கையின் முகம் கண்முன் வந்து நின்றது. இவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

“மல்லாந்து படுங்க, காலை முன்னால நீட்டுங்க” என்று படகுக்காரி கத்தினாள். மாப்பிள்ளை சொன்னபடி மிதந்துபோய், கீழே தண்ணீர் அடங்கிய இடத்தில் இடுப்பளவு ஆழத்தில் எழுந்து நின்று இருமினார்.

படகு கரை தட்டுவதற்குள் மேஸ்திரி குதித்து ஓடினார். மாப்பிள்ளை முகத்தைத் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் மச்சான், உங்க கையில நம்பி ஒரு ஆளைக் குடுக்க முடியுதா?”

மேஸ்திரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “முடியாது மாப்பிள்ளை. அன்னைக்கும் என் கைதான் வழுக்குச்சு. அலமாரியை விட்டது நான். பழியை உங்க தலையில போட்டுட்டேன்.” ஆற்றுத் தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன.

“தெரியும்.”

“தெரியுமா?”

“கீழ நின்னு தாங்கினவன் நான். பாரம் எங்கேருந்து வந்துச்சுன்னு என் தோளுக்குத் தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு ஒரு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்.” மாப்பிள்ளை சட்டையைப் பிழிந்தார். “பாறைகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? வீட்டுல சொல்லுங்க. வந்து கேக்குறேன்.”

பிறகு வந்த ஒன்றரை நாள் இதமாக ஓடியது. தச்சர் கரகரத்த குரலில் பாடினார், மீன்கள் பயந்து ஓடியிருக்கும். கூடாரத்துக்குள் மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை கதவைத் திறந்த மனைவி, மாப்பிள்ளையைக் கண்டதும் விறைத்துப்போனாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றார். மேஸ்திரி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“அன்னைக்கு அலமாரி விழுந்தது என்னாலதான். மாப்பிள்ளைமேல ஒரு தப்பும் இல்ல. நாளைக்குக் காலையில ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்.”

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் ஆற்று வெள்ளமே தேவலை என்றிருந்தது. வாசலுக்கு வந்து, “அண்ணா, நான் கண்டபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. உள்ள வாங்க” என்றாள். குரல் உடைந்தது.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார்.

இரண்டு டம்ளர் டீ குடித்தார். மேஸ்திரி படகில் பாதி தொங்கியதை நடித்துக்காட்டி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நாளைக்கு வேலைக்கு வந்துருவீங்கல்ல?” மேஸ்திரி கெஞ்சலாகக் கேட்டார்.

“இல்ல மச்சான். அங்க புது வண்டி, மரியாதையும் இருக்கு. வேலைக்கு வர மாட்டேன். ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வர்றேன்.”

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்ததும் மேஸ்திரிக்கு மனசு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்தபோது, “நானும் வண்டி வரைக்கும் வர்றேன்” என்று கூடவே கிளம்பினார்.

“நீங்க எங்க போறீங்க?” என்றாள் மனைவி. “இங்கயே இருங்க. ஒரு வருஷப் பேச்சு பாக்கி இருக்கு.”

“நல்லா மாட்டினீங்க, மச்சான்” என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை படியிறங்கினார். வண்டி புறப்படும் வரை அவள் வாசலில் நின்று பார்த்திருந்தாள். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.