ஒன்றும் செய்யாத கட்டளை

“தங்கச்சி, மெயின்ஃபிரேமைக் கண்ணால எண்டாலும் கண்டிருக்கிறீங்களோ?”

வவுனியாவில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் நடந்த நேர்முகத்தில் பொறுப்பாளர் இப்படித்தான் கேட்டார். மல்லாவியில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவளுக்கு இது சரிவருமோ என்பது அதன் பொருள்.

“இல்லை அண்ணை. நீங்கள்?” என்றேன்.

அவரும் கண்டதில்லை. சிரித்துவிட்டு, மூன்று மாதம் வேலை செய்து பார்க்கச் சொன்னார்.

வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் மெயின்ஃபிரேம் எனும் பெரிய கணினியில், அசெம்பிளர் மொழியில் எழுதிய பழைய புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அவற்றை வாசித்து, என்ன செய்கின்றன என்று எழுதி, ஜாவா என்ற புதிய மொழிக்கு எப்படி மாற்றலாம் என ஆலோசனை சொல்வது எங்கள் தொழில். அசெம்பிளரில் எல்லாம் குட்டிக் குட்டிக் கட்டளைகள்: இதை எடு, அதோடு கூட்டு, அங்கே போ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பஸ்ஸின் பெயர்ப்பலகையை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவளும் நான்தான். வாசிக்க எனக்குப் பயமில்லை.

மூன்றாம் மாதம், சண்டை மீண்டும் தொடங்கியதில், எங்கள் ஊருக்குப் போகும் பாதையை ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இராணுவம் பூட்டியது. அதுவரை மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்வந்தேன். செய்தி வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்தேன். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினேன். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களின் பெயரை மாவட்டச் செயலகமான கச்சேரியில் பதிகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். உள்ளே போனால் வெளியே வரமுடியாது, வேலையும் இல்லை. இங்கே நின்றால் அம்மாவையும் ஐயாவையும் எப்போது காண்பேன் என்று தெரியாது. அழுகை வரவில்லை. முடிவும் வரவில்லை. வேலைக்குப் போனேன்.

கையில் இருந்த புரோகிராம், அறிக்கையின் தலைப்பை முதல் பக்கத்தில் மட்டும் அச்சிட வேண்டும். நாங்கள் எழுதிய ஜாவா எல்லாப் பக்கத்திலும் அச்சிட்டது. பழையதில், தலைப்பை அச்சிடும் இடத்துக்கு முன்னால், ‘ஒன்றும் செய்யாதே’ என்று ஒரு கட்டளை இருந்தது. பிரயோசனமில்லாதது என்று அதை விட்டுவிட்டிருந்தோம். தேடிப் பார்த்ததில் கீழே இன்னொரு கட்டளை அகப்பட்டது. தலைப்பு அச்சானதும் அது மேலே போய், அந்த ஒன்றும் செய்யாத இடத்தில் ‘தாண்டிப் போ’ என்று எழுதிவிடுகிறது.

பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“முதல் தரம் விடும், அண்ணை. விட்ட உடனை தானே தன்னைப் பூட்டிப்போடும். பிறகு அந்த வழியால போகேலாது.”

அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, ஊர்ப்பாதையையோ சொல்லுறாய்?”

“இல்லை அண்ணை. புரோகிராமைத்தான் சொல்லுறன்.”

ஜாவாவில் கட்டளை தன்னைத் தானே மாற்றிக்கொள்ளாது. தலைப்பு போட்டாயிற்று என்று நினைவு வைத்துக்கொள்ள ஓர் அடையாளத்தைச் சேர்த்தேன். பழைய அறிக்கையும் புதியதும் ஒத்துவந்தன. இனி வேலை நிரந்தரம் என்றார் பொறுப்பாளர். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது.

அந்தக் கிழமை, வைத்தியத்துக்காக விசேட அனுமதியில் வெளியே வந்திருந்த அயல்வீட்டு அக்கா என் அறைக்கு வந்தார். நான் வருவதா நிற்பதா என்று ஐயா சொல்லிவிட்டிருப்பார் என நினைத்தேன்.

“படிச்சவள் அவள்தானே, அவளே யோசிக்கட்டும் எண்டு கொப்பர் சொன்னவர்” என்றார் அக்கா.

அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நான் வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோக வாங்கி வைத்திருந்த அம்மாவின் மூட்டுவலித் தைலத்தையும் ஐயா உடுக்கும் சாரத்தையும் ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது அவர் அதைக் கொண்டுபோனார்.

பெயர் பதியும் கடைசி நாள் காலை, நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த புரோகிராமைத் திறந்தேன். கச்சேரி மூடுவதற்குள் அதன் முதல் பக்கத்துக்கு விளக்கம் எழுதி முடித்திருந்தேன்.