சுழி போட்ட வாக்குச்சீட்டு

தபால்கந்தோரில் யாரோ பார்சலுக்கு அரக்கு உருக்குகிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முத்திரை வாங்க வந்ததை மறந்து நிற்கிறேன். எரியும் பிசின், மெழுகுதிரி, பள்ளிக்கூட அறையின் புழுக்கம். போன உள்ளூராட்சித் தேர்தலின் அந்தப் பின்னேரம். பெட்டியின் அரக்கு முத்திரையை உடைத்துச் சீட்டுகளை மேசையில் கொட்டினார்கள், சிறுமீன் கொட்டுவதைப் போல.

எங்கள் வட்டாரம் வாவிக்கரையிலிருந்து பெரிய தெரு வரை நீளும். பாதி தமிழர், பாதிக்குக் கொஞ்சம் குறைய முஸ்லிம்கள், நடுவில் நாலைந்து பறங்கியர் வீடுகள், ஒரு சிங்களக் குடும்பத்தின் பேக்கரி. பாணுக்கு எல்லோரும் அங்கேதான். வாக்கு என்று வந்தால் மட்டும் தெருவின் நடுவே கோடு விழும்.

எங்கள் பக்கத்தில் நின்றவள் என் சிநேகிதி. மாரியில் வாவி ஏறி எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் மட்டும் வரும். அதை வடியவிட ஒரு வடிகான் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துத்தான் தேர்தலில் இறங்கினாள். எதிரில் நின்றவர் பெரிய தெருப் புடவைக்கடைக்காரரின் தங்கை. எண்ணும்போது பார்த்திருக்க அந்தக் கடைக்காரர் தங்கைக்கு முகவர், நான் சிநேகிதிக்கு. என் கலியாணச் சேலையே அவர் விரித்துக் காட்டியதுதான். அவரைக் காக்கா என்பேன். முஸ்லிம்களிடம் அண்ணனுக்கு அந்தச் சொல்.

காலையிலிருந்தே கேலி.

“தங்கச்சி, தோத்தா அழாதிங்க. கடையில சேல விலையில கழிவு போட்டுத் தாறன்.”

“நீங்க தோத்தா என்ன செய்வீங்க காக்கா?”

“விலைய ஏத்துவன்.”

எண்ணி முடிந்தபோது அவர்கள் ஒரே ஒரு வாக்கால் முன்னுக்கு நின்றார்கள். சந்தேகம் என்று ஒதுக்கிய இரண்டு சீட்டுகள்தான் மிச்சம்.

முதலாவதின் உச்சியில் சின்னதாக 786, முஸ்லிம்கள் சிலர் எழுதத் தொடங்குமுன் இறைவன் பெயருக்காகப் போடும் எண். கீழே அவருடைய தங்கையின் சின்னத்துக்கு நேரே புள்ளடி. “போட்டவர் ஆரெண்டு காட்டுற அடையாளம் இது. செல்லாது,” என்று முந்திக்கொண்டேன். மூன்று நாள் சட்டம் வாசித்த கொழுப்பு. தலைமை அலுவலர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த மெலிந்த மனிதர், கொஞ்சம் யோசித்து அதைத் தள்ளிவைத்தார்.

இரண்டாவதை எடுத்தார். உச்சியில் பிள்ளையார் சுழி. புள்ளடி எங்கள் சின்னத்துக்கு. கடிதமோ சாமான் துண்டோ, எதை எழுதினாலும் முதலில் ‘உ’ போட்டுப் பழகிய ஏதோ ஒரு கை வாக்குச்சீட்டையும் விட்டுவைக்கவில்லை. இது தள்ளுபட்டால் எங்கள் கதை முடிந்தது. ஏறினால் சமன்; பிறகு திருவுளச்சீட்டு. அலுவலர் காக்காவைப் பார்த்தார். நான் சொன்ன அதே வசனத்தை அவர் திருப்பிச் சொன்னால் போதும்.

காக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். சேலைக் கரையில் இழை பிசகியிருக்கிறதா என்று பார்க்கும் அதே பார்வை.

“இது அடையாளமில்ல சேர், பழக்கம். ஊரில பாதிப் பேர் போடுறது எப்பிடி ஒரு ஆள்ற அடையாளமாகும்? எண்ணுங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க. சமனாப் போயிரும்,” என்றார் அலுவலர்.

“போனாப் போகட்டும்.”

கையில் கிடந்த தங்கையின் வெற்றியை மேசையில் திரும்ப வைத்த மனிதர். அப்படி ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அலுவலர் சீட்டை எங்கள் கட்டில் சேர்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “மற்றதுக்கு உங்கட ஆட்சேபனை அப்பிடியே இரிக்கா மிஸ்?”

காக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. யன்னலால் வெளியே, வாவியின் மேல் சரியும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்காமல் நிற்பதும் ஒரு பெருந்தன்மை என்று அன்றுதான் கண்டேன். வேப்பமரத்தடியில் சிநேகிதி நின்றாள், என்னை நம்பி. திருவுளச்சீட்டு என்றால் பாதி வாய்ப்பு. பாதி வாய்ப்புக்குத்தான் எவ்வளவு இனிப்பு! ஆனால் அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே என் குரல் எனக்குக் கேட்டது.

“இல்ல சேர். அதுவும் பழக்கம்தான். எண்ணுங்க.”

காக்கா திரும்பினார். “அதப் போடலாமா கூடாதாண்டு எங்கட பக்கத்திலயே ரெண்டு கட்சி, தங்கச்சி.”

அலுவலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

ஒரு வாக்கு. அவருடைய தங்கை வென்றார்.

சிநேகிதியிடம் ஒன்றும் மறைக்கவில்லை. “நீ செய்தது சரிதான். ஆனா ரெண்டு நாளைக்கு என்னோட கதைக்காத,” என்றாள்.

பள்ளிக்கூட வாசல் படலையடியில் வெடி கொளுத்த வந்த தன் பக்கத்து ஆட்களைக் காக்கா அதட்டிக்கொண்டிருந்தார். “கடக்கரையில கொண்டு போய்ப் போடுங்க! இஞ்ச ஒருத்தரும் செத்துப்போகல்ல.” பிறகு என்னிடம் வந்தார்.

“அந்த வடிகான் எங்கிருந்து எங்க மட்டும் போகணும்?”

“ஒழுங்கைத் தொங்கலில இருந்து வாவி மட்டும்.”

“நாளைக்கு எழுதிக்கொண்டு கடைக்கு வாங்க. தங்கச்சிட கைக்குப் போற முதல் மனு அதுதான்.”

“ஓம் காக்கா. வாறன்.”

“மேல சுழியப் போட மறந்திராதிங்க.”