பற்றரி இல்லாத இரவுகள்

பாக்கியரத்தினத்தின் வாடகை வானில் ஏறாமல் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நோயாளிகள் திருகோணமலைப் பாலையூற்றில் குறைவு. அடுத்த வளவு இரத்தினசிங்கம் இருதய வருத்தக்காரர். பஸ்ஸில் குந்தியிருக்க ஏலாது. மாதா மாதம் அவரைப் பின் சீற்றில் சாய்த்து வைத்துக் கொண்டுபோவார். கண்டி வீதியால் போக ஆமி கொடுத்த பாஸ் பாக்கியரத்தினத்திடம் இருந்தது. சண்டைக் காலத்தில் வானைவிடப் பெறுமதி அந்தப் பாஸுக்குத்தான். வானின் வருட லைசன் ஒருநாள் பிந்தினாலும் செக்பொயின்ற்றில் அதைப் பறித்துவிடுவார்கள். திரும்ப எடுப்பதென்றால் யாரைப் பிடித்து எங்கே அலைவது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருசம் லைசனுக்குப் புகைச் சான்றிதழும் கேட்டார்கள். வான் சோதனையில் தோற்றது. கராஜ்கார அபூதாஹிர் புகைக்குழாயில் ஒரு சென்சரை மாற்றினான். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைக் கொளுவி, மடிக்கணினியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வானுக்குள் இருக்கிற கம்பியூட்டர் தன் சோதனைகளைத் தானே ஒவ்வொன்றாக ஓடி முடிக்க வேண்டுமாம். முடிக்காவிட்டால் பெற்றோல் கலவை சீருக்கு வராது, புகைச் சோதனையில் மறுபடியும் தோற்கும். இதுவோ ஒன்றையும் முடித்த பாடாயில்லை.

"பற்றரியைக் கழட்டினீங்களா அண்ணே?"

"இரவில கழட்டாத ஆர் தம்பி இருக்கினம்?"

இன்னொரு வான்காரன் யோகலிங்கத்துக்கு நடந்ததிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. ஆயுதத்தோடு வந்தவர்கள் திறப்பை வாங்கி ஓட்டிப்போனார்கள். வான் காட்டுக்கரையில் கிடந்தது. எதற்குக் கொடுத்தாய் என்று கேட்க வந்த மற்றப் பக்கத்துக்காரர்கள் யோகலிங்கத்தைக் கொண்டுபோனார்கள். வான் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. அதற்குப் பிறகு பொழுதுபட்டால் அயலில் ஒரு வானும் ஸ்டார்ட் ஆகாது. பாக்கியரத்தினத்தின் பற்றரி குசினியில், தேங்காய்களுக்குப் பக்கத்தில் உறங்கும். அதன் அமிலம் தின்ற ஓட்டை இல்லாத வீட்டுச் சீலை மனைவி கனகம்மாவிடம் இல்லை.

பற்றரி கழன்றால் கம்பியூட்டர் படித்ததெல்லாம் மறந்துவிடும் என்றான் அபூதாஹிர். இனி நிற்பாட்டாமல், ஒரே சீரான வேகத்தில், தூரத்துக்கு ஓட வேண்டும்.

"திருகோணமலையில நிப்பாட்டாமல் ஓடுறது ஆமிட வாகனம் மட்டும்தான் தம்பி," என்றார் பாக்கியரத்தினம்.

ஆனாலும் ஓடிப் பார்த்தார். கப்பல்துறை தாண்டிப் போவதற்குள் எத்தனை இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டினார், எத்தனை இடத்தில் வானுக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள் என்ற கணக்கை விட்டுவிட்டார். இடையில் வீதி வெறிச்சென்று கிடந்த துண்டுகளில் மட்டும் வேகத்தைப் பிடித்தார். பின்னேரம் கராஜில் கொளுவிப் பார்த்தால், முக்கால்வாசி முடிந்திருந்தது. அபூதாஹிராலேயே நம்ப முடியவில்லை.

"இண்டைக்கு மட்டும் கழட்டாதீங்க அண்ணே. காலையில இன்னொரு ஓட்டம், முடிஞ்சிரும்."

லைசன் அடுத்த நாளோடு முடிகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் விளங்கச் சொன்னார். கனகம்மா சோறு வடித்துக்கொண்டே கேட்டாள். அவர் கிணற்றடியில் குளித்து, தலை துவட்டிக்கொண்டு குசினிக்குள் வந்தபோது தேங்காய்களுக்குப் பக்கத்தில் பற்றரி இருந்தது. ஸ்பனர் இன்னும் அவள் கையில்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறாய்?"

"மோட்டார்சைக்கிள் ஒண்டு ஒழுங்கைக்குள்ள வந்து எங்கட படலையடியில நிண்டு பாத்திட்டுப் போகுது. லைசன் இல்லாட்டி வான்தானே நிக்கும். யோகலிங்கத்தின்ர மனிசி இன்னும் முகாம் முகாமாத் திரியிறா. எனக்கு அந்த நடை ஏலாது."

கோபப்பட வழியில்லை, அந்த நேரம் அவர் அங்கே நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

காலையில் பற்றரியைப் பூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனார். ஒன்றும் முடியவில்லை என்று காட்டியது திரை. அபூதாஹிர் ஏசவில்லை. வயரைச் சுருட்டினான்.

"உங்களில பிழையில்ல அண்ணே. இதைச் செஞ்சவன் ராவையில நிம்மதியாப் படுக்கிற ஊர்க்காரன்."

முடிக்காமலே புகைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டினார், தோற்றது. மறுநாள் செக்பொயின்ற்றில் பாஸை வாங்கி மேசைக்குள் போட்டார்கள். கிளினிக் நாளன்று விடிய இரத்தினசிங்கம் பையும் தானுமாகப் படலையடியில் வந்து நின்றார். விசயம் தெரிந்துதான் வந்தார். ஓடாத வானை ஒருதரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அடுத்த மாதம் பாப்பம்," என்று சொல்லி, வேலியைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி நடந்தார்.

எஞ்சின் இறுகிப்போகாமல் இருக்க, காலையில் பற்றரியைப் பூட்டி வானைக் கொஞ்சம் உறும விடுவார் பாக்கியரத்தினம். பொழுதுபட்டதும் ஸ்பனரோடு போவார். கனகம்மா குசினிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள்.