நன்னாரி குடித்த எட்டு மாதம்

கலா, பிரபு, உங்கள் அம்மா படுக்கையைக் கூடத்துக்கு மாற்றியது என் குறட்டையால் என்று சொல்லிவைத்திருந்தோம். அது பொய். உங்கள் இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. நம் வீட்டுச் சர்க்கரை நாளைக்கு உங்களையும் தேடி வரலாம். அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இதே தொல்லை உள்ள வேறு யாராவது படித்தாலும் சரிதான்.

முதலில் வந்தது அரிப்பு. போன வருடம் சித்திரை மாதம். ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சிறுநீர் போனால் எரிந்தது. ஆணுறுப்பின் முனைத்தோல் சிவந்து, மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. பிறகு அந்தத் தோலில் வெடிப்பு விட்டது.

எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை நினைத்தால் போடுவேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று நினைத்தேன். கண்டக்டர் மணியிடம் எரிச்சலை மட்டும் சொன்னேன்.

"சூடுதாண்ணே. டிரைவர் சீட்டு என்ன ஊட்டியிலயா இருக்கு? தெனம் ரெண்டு நன்னாரி அடிங்க, ஜில்லுனு ஆயிடும்."

அப்படியே செய்தேன். தினமும் இரண்டு கிளாஸ் நன்னாரி சர்பத். வீட்டுக்கும் ஒரு பாட்டில் வாங்கிவந்து உங்கள் அம்மாவையும் குடிக்கச் சொன்னேன். மெடிக்கல் ஷாப்பில் படைக்கு என்று ஒரு களிம்பு கேட்டு வாங்கி, காக்கிச் சட்டைப் பையில் ஒளித்துவைத்துத் தடவினேன். இரண்டு நாள் அடங்கும். பிறகு முன்னைவிட மோசமாகும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்னங்க, எனக்குக் கீழ ரொம்ப அரிக்குது. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையா படுது. உங்களுக்கு அப்படி ஏதாச்சும் இருக்கா?"

களிம்பு அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் சொன்னேன். ஆனால் கேட்டவளுக்கு அது எப்படித் தெரியும்? அன்றே பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அரிப்பைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. நான் கேட்டதையே அங்கேயும் கேட்பார்கள் என்று பயந்தாளாம்.

மார்கழியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. விலாவில் வலி, வாந்தி. தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவளுக்கும் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். அரிப்பு, ஈஸ்ட் தொற்று (உடம்பில் இயல்பாகவே இருக்கும் ஒரு பூஞ்சை, சர்க்கரை கூடினால் பெருகிவிடுவது). காய்ச்சல், சிறுநீரகத் தொற்று (கிருமி சிறுநீர்ப் பாதை வழியாக மேலே ஏறுவது). இரண்டுக்கும் இடம் கொடுத்தது சர்க்கரை. பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதும் இருக்கா சார்?" என்றார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் கையில் டிரிப்ஸோடு படுத்திருந்த அம்மா, "அவருக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றாள்.

என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள்.

"இருக்குங்க டாக்டர். எட்டு மாசமா. சூடுன்னு நெனைச்சு நன்னாரி குடிச்சேன்."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்கே! பூஞ்சைக்குத் தெனம் பாகு ஊத்தி வளத்திருக்கீங்க. யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு தேடாதீங்க. ரெண்டு பேருக்கும் சர்க்கரை ஏறியிருக்கு. இது தப்பு பண்ணி வர்ற நோய் இல்ல" என்றார்கள் டாக்டரம்மா.

அந்த ஒரு வரியை ஆடி மாதத்திலேயே போய்க் கேட்டிருக்கலாம்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். மாத்திரை, சரியான களிம்பு, கழுவி ஈரம் போகத் துடைப்பது, தளர்வான பருத்தி உள்ளாடை, அதை வெயிலில் காயவைப்பது. இருவருக்கும் குணமாயிற்று. என் முனைத்தோல் மட்டும் இறுகியே இருக்கிறது. முன்பெல்லாம் பஸ் எடுக்கும் அவசரத்தில் கவனிக்காத உடம்பை, இப்போது சிறுநீர் போகும் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் எனக்குக் காலண்டர்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க, ஒடம்பு தேறிடுச்சுல்ல" என்றாள். பாய் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

கலா, போன வாரம் அம்மா கே.கே. நகருக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தாளே, அன்றைக்குக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அவள் உள்ளாடைகள் ஒரு துண்டுக்கு அடியில் மறைந்து, ஈரமாகவே தொங்கின. டாக்டர் சொல்லியும் அவளால் வெளியில் போட முடியவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். என்னுடையவற்றுக்குப் பக்கத்தில், மேலே எந்தத் துணியும் போர்த்தாமல், ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினேன். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட்டேன். மறுபக்கமும் காயும்வரை அங்கேயே நின்றேன்.