வடிகட்டிக் கொட்டிய சக்கை

எடை குறைந்தால் கரு தங்க வாய்ப்பு அதிகம் என்று தென்காசி டாக்டர் சொன்னதிலிருந்து நான் சோற்றைத் தொடவில்லை. மூன்று வேளையும் வடிகட்டிய பழச்சாறுதான். பசி தாங்காதபோது பிஸ்கட்டை அள்ளித் தின்பேன், பிறகு அழுவேன். எடை ஏறத்தான் செய்தது.

ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்றபோது கண் இருட்டிச் சரிந்தேன். பின்னால் நின்ற ஒரு அக்கா தாங்கிப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார். அவரும் என்னைப் போலப் பருமன்தான்.

“ஏம்மா, காலைல என்ன சாப்ட்ட?”

“ஜூஸ் மட்டுந்தான்க்கா குடிக்கேன். அப்படியும் குறைய மாட்டேங்கு. இந்த உடம்பே வேண்டாம்னு இருக்கு.”

அவர் கண்ணும் கலங்கியது. “நானும் இப்படித்தாம்மா கெடந்தேன். சக்கையக் கொட்டிட்டு இனிப்புத் தண்ணியக் குடிச்சா பசி எப்படி அடங்கும்? நார்ச்சத்துதான் வயித்தத் தாங்கும்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. காய், பயறு நெறையச் சேத்து, சோறும் கொஞ்சம் சாப்பிடு.”

பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தார். அத்தனை பேர் பார்க்க, அழுதுகொண்டே தோலும் விதையுமாக மென்று தின்றேன்.

இப்போது எடை மெதுவாக இறங்குகிறது. குழந்தை இன்னும் வரவில்லை. அந்த வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பசித்துச் சாப்பிடுவதைப் பாவம் என்று நினைத்து அழுவதில்லை.