சும்மா என்று எழுதிய தட்டுகள்

ஈப்போவில் நரம்புச் செல் வளர்த்த வருடங்களில் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை சத்துநீர் மாற்றாவிட்டால் செத்துத் தொலையும். குனோங் ராபாட் வாடகை வீடு, ஆய்வகம், மறுபடி வீடு. ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தாப்பாவில் அம்மா இருந்தார். அவரைப் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

நான் வளர்த்தவை வலி நரம்புகள். மருந்து பட்டதும் செல்லின் மேலுறையில் கிளம்பும் செய்தி, கைமாறிக் கைமாறி உட்கருவரை போகும். அங்கே ஒரு புரதத்தைத் தட்டியெழுப்பும். அது மரபணுவை முடுக்கிவிட, வலியைச் சொல்லும் நியூரோபெப்டைடைச் செல் கூடுதலாகச் செய்யும். நடுவே ஒரு கையை மறித்துவிட்டால்? அதுதான் என் ஆய்வு. கூடியதா குறைந்ததா என்று சொல்ல, மருந்து எதுவுமே படாத செல்கள் வளரும் தட்டுகள் பக்கத்தில் வேண்டும். அவை இல்லையென்றால் மற்றதெல்லாம் குப்பை.

அந்தத் தட்டுகளின் மூடியில் தமிழில் ‘சும்மா’ என்று எழுதிவைத்திருந்தேன். திமிர், வேறென்ன.

அம்மாவுக்குத் திங்களன்று முழங்கால் அறுவை. பத்து வயதில் ரப்பர் காட்டுக்குள் நடக்கத் தொடங்கிய கால். சனிக்கிழமை செல்களை எடுத்து உறையவைத்துவிட்டால் எனக்கு விடுதலை. அம்மா பக்கத்தில் இருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை, தட்டுகளைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரைத் திறந்தால் கீழ் அடுக்கு காலி.

“அக்கா, இங்க இருந்த தட்டெல்லாம் எங்க?”

துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்திருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “அதுல சும்மானு எழுதியிருந்துச்சு லா. சும்மாதானே கெடக்குன்னு குப்பையில போட்டுட்டேன்.”

“ஐயோ அக்கா! அது இல்லாம நான் என்னா பண்ணுவேன்!”

கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. யாரைத் திட்டுவது? எழுதிய கை என்னுடையது.

பேராசிரியர் கொடுத்த கடைசித் தவணை அந்த மாதத்தோடு முடிந்தது. புதுச் செல்கள் திங்களன்றுதான் கிடைக்கும். அம்மாவிடம் போக முடியாது. அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

திங்கள் மாலை, கையுறையோடு புதுத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அம்மா அழைத்தார். முழங்கையால் கைபேசியின் ஒலிபெருக்கியை அமுக்கினேன்.

“வலிக்குதாம்மா?”

“அதெல்லாம் இல்ல லா. நீ என்னா பண்ற பாப்பா?”

எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சும்மாதாம்மா இருக்கேன்.”



“சும்மாதான் இருக்கியா? அப்ப ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாமே.”